விண்டோஸ் போடும்போது பாதியில் நிற்கும் கணினி: ஹார்ட் டிஸ்க்கை மாற்றும் முன்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஆறு வருடம் ஓடிய டெஸ்க்டாப். 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 8 ஜிபி ரேம் இரண்டு. கொஞ்ச நாளாக விண்டோஸ் 10 அப்படியே உறைந்து நின்றது, இடையிடையே புளூ ஸ்கிரீன் வந்தது. வைரஸாக இருக்கும் என்று நினைத்து புதிதாக விண்டோஸ் போட உட்கார்ந்தீர்கள். முதல் தடவை 23 சதவீதத்தில் நின்றது. அடுத்த தடவை 64இல். மூன்றாவது தடவை, தேவையான ஃபைல்களை நிறுவ முடியவில்லை என்று சொல்லி 80070570 என்று முடிகிற பிழை எண்ணைக் காட்டியது. நான்காவது தடவை 100 வரை போய், ரீஸ்டார்ட் ஆனதும் புளூ ஸ்கிரீன். மூன்று பென் டிரைவ் மாற்றிப் பார்த்துவிட்டீர்கள். பழைய விண்டோஸும் இப்போது இல்லை. பென் டிரைவ் தயாரிக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் இரண்டு வரி இருக்கிறது: ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார், டி டிரைவில் குழந்தையின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். டிஸ்க் போய்விட்டதா, படங்களும் சேர்ந்து போய்விட்டனவா?

பல வருடமாகக் கணினி பழுது பார்ப்பதே என் வேலை. உங்கள் கணினியைக் கண்ணால் பார்க்காமல் இதுதான் பழுது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் நான்கு தடவையும் எங்கே நின்றது என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். அது பெரிய உதவி. அதை வைத்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமை. டிஸ்க்கும் அதன் கேபிளும் அதற்கு அடுத்துதான். படங்கள் பெரும்பாலும் இன்னும் அங்கேயே இருக்கும். இனி என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் ஆபத்து.

அதனால் முதல் வேலை, ஐந்தாவது தடவை முயற்சி செய்யாமல் நிறுத்துவது. ஒவ்வொரு முயற்சியும் அதே டிஸ்க்கில் பல ஜிபி எழுதுகிறது. டிரைவ்களைக் காட்டும் பக்கத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து அதிலேயே போட்டிருந்தால் டி டிரைவை யாரும் தொடவில்லை. எல்லாப் பார்ட்டிஷனையும் (சி, டி மாதிரியான பிரிவுகளை) அழித்து ஒன்றாக்கியிருந்தால் நிலைமை கொஞ்சம் மோசம், ஆனாலும் முடிந்துவிடவில்லை. பார்ட்டிஷனை அழிக்கும்போது எது எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைதான் போகிறது. உள்ளே இருக்கும் தரவு, அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை அப்படியே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் மாதிரியான இலவச மென்பொருள்கள் அந்த அட்டவணையைத் தேடி மீட்டுக் கொடுக்கும். இது சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்துகிற ஆறுதல். எஸ்எஸ்டியாக (சுழலும் பாகம் இல்லாத சிப் டிஸ்க்) இருந்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். அதில் ஃபார்மேட் செய்தவுடன் டிரிம் என்ற கட்டளை போய், காலியான இடங்களை எஸ்எஸ்டி தானாகவே துடைத்துவிடும்.

படங்களை எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: இந்தக் கணினியில் வைத்து எடுக்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸிலோ, டிஸ்க்கின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளிலோ மாட்டி, நன்றாக ஓடுகிற வேறொரு கணினியில் போட்டு எடுங்கள். காரணம் இதுதான். ரேம் பழுதாக இருந்தால், காப்பி எடுக்கும் ஒவ்வொரு ஃபைலும் அந்தப் பழுதான ரேம் வழியாகத்தான் போகும். போகிற வழியில் ஏதோ ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய அலகு, 0 அல்லது 1) மாறினால் எந்த எச்சரிக்கையும் வராது. காப்பி முடிந்தது என்றே சொல்லும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும், அதற்குள் மூலத்தை அழித்திருப்பீர்கள். இப்படி இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். இன்னொன்று, மாட்டியவுடன் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் உள்ளே தரவைப் படிக்கும் ஹெட்டின் பழுது. அதற்குமேல் ஓட்ட ஓட்டச் சேதம்தான், தரவு மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். வேறு கணினியில் மாட்டும்போது பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி கேட்டால் பதறாதீர்கள். 48 இலக்க எண் அது. பழைய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

சரி, படங்கள் பத்திரமாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இப்போது பழுதுக்கு வருவோம். "நேற்று வரைக்கும் ஓடிக்கொண்டுதானே இருந்தது, புதிதாகப் போடும்போது மட்டும் ஏன் நிற்கிறது?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் எல்லா ஃபைல்களும் ஒரே பெரிய மூட்டையாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். நிறுவும்போது அந்த மூட்டையைப் படித்து, ரேமில் வைத்து விரித்து, விரிந்தது சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்கு பார்த்து, அப்புறம் டிஸ்க்கில் எழுதுகிறது. நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு வீடியோவில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், கண்ணுக்கே தெரியாது. சுருக்கிய மூட்டையில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குழம்பிப்போகும், கணக்கு இடிக்கும், நிறுவல் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் பார்த்த 80070570க்கு மைக்ரோசாஃப்ட் தருகிற விளக்கமே "ஃபைல் சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை" என்பதுதான். எங்கே சிதைந்தது என்று அது சொல்லாது. பென் டிரைவிலா, கேபிளிலா, ரேமிலா, டிஸ்க்கிலா என்று கண்டுபிடிப்பது நம் வேலை. முன்பு உறைந்து நின்றதும் புளூ ஸ்கிரீன் வந்ததும் இதே பழுதின் தொடக்கமாகத்தான் இருக்க வேண்டும். வைரஸ் என்று நான் நினைக்கவில்லை. விண்டோஸ் இல்லாத நிலையிலும் தொடர்கிறதே.

கண்டுபிடிக்க நான் முதலில் கேட்கும் கேள்வி: ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா? ஒரே இடம், ஒரே பிழை எண் என்றால் பழுது ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்திருக்கிறது. பென் டிரைவில் ஒரு ஃபைல் கெட்டிருக்கலாம், டிஸ்க்கில் ஒரு பகுதி கெட்டிருக்கலாம், இல்லையென்றால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) அமைப்பில் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. 23, 64, 100 என்று மாறி மாறி நின்றால் நடுவழியில் ஏதோ தடுமாறுகிறது: ரேம், சூடு, மின்சாரம், கேபிள். ரேமில் ஓரிடம் கெட்டிருந்தாலும் நிறுவல் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு ஃபைலை வைக்கும், அதனால்தான் நிற்கும் இடம் மாறுகிறது. இந்தப் பிரிப்பு சட்டம் மாதிரி நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். சாகப்போகிற ஹார்ட் டிஸ்க்கும் சில நேரம் இடம் மாற்றி மாற்றி நிற்கும். எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்க இது போதும்.

பென் டிரைவைப் பற்றி ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பென் டிரைவிலும் நின்றதால் பென் டிரைவ் குற்றமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த மூன்றையும் எந்தக் கணினியில் தயாரித்தீர்கள்? முதலாவதையாவது இதே கணினியில், பழைய விண்டோஸ் இருந்தபோது தயாரித்திருந்தால் அதை நம்ப முடியாது. கோளாறான கணினி கோளாறான பென் டிரைவைத்தான் தயாரிக்கும். வேறு கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிப் புதிதாகத் தயாரியுங்கள். ஐஎஸ்ஓவாக (எல்லாம் அடங்கிய ஒரே ஃபைலாக) இறக்கினால் அதன் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணை அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்த மென்பொருளில் தயாரிப்பது என்ற உங்கள் கேள்விக்கு: மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் போதும், ரூஃபஸும் நல்லதுதான். ஃபைல்களைக் கையால் இழுத்துப் போடும் வழி வேண்டாம். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் நிற்காது, விண்டோஸ் மூட்டை பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது.

இனி ரேம். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேஸின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, இரண்டு ரேமையும் கழற்றுங்கள். தங்க நிறக் கால்களை மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஆறு வருடத்தில் படிந்த கறுப்பே காரணமாக இருந்து, இதிலேயே சரியான கணினிகள் உண்டு. அப்புறம் ஒன்றை மட்டும் மாட்டுங்கள். எந்த ஸ்லாட்டில் என்று மதர்போர்டு கையேட்டில் இருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் சிபியுவிலிருந்து இரண்டாவது. பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் இயல்புநிலைக்குத் திருப்புங்கள். எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பு போட்டிருந்தால் அதுவும் போய்விட வேண்டும். புதிதாக வாங்கியபோது தாங்கிய வேகத்தைப் பழைய ரேம் தாங்காமல் போவதுண்டு. அங்கே இருக்கும்போதே தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது, அமைப்புகள் ஒவ்வொரு தடவையும் மாறிவிடும்.

இந்த நிலையில் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். 6ஆம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினிகளிலும் ஓடும், பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மட்டும் அணைக்க வேண்டியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள், அதற்கு டிஸ்க் தேவையில்லை. ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் அது பழுதுதான். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. ஆனால் காலை வரை ஒன்றும் வரவில்லை என்றால் ரேம் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது, சந்தேகம் குறைகிறது, அவ்வளவுதான். பிழை வந்தால் அதே ரேமை வேறு ஸ்லாட்டில் மாட்டி ஒரு தடவை ஓட்டுங்கள். ரேமுடன் சேர்ந்து பிழை நகர்ந்தால் ரேம். ஸ்லாட்டிலேயே தங்கிவிட்டால் மதர்போர்டு, அபூர்வமாக சிபியுவில் உள்ள மெமரி கன்ட்ரோலர்.

தொழிலுக்கு வந்த புதிதில் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒருவருக்கு டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தேன். புது டிஸ்க்கிலும் நிறுவல் நின்றது. புது டிஸ்க்கே கோளாறு என்று நினைத்து அதையும் மாற்றினேன், அதிலும் நின்றது. கடைசியில் ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவருடைய நல்ல டிஸ்க்கைப் பழுது என்று சொல்லியிருந்தேன், அதிலிருந்த கணக்குகளோடு சேர்த்து அந்த டிஸ்க்கை அவர் அதற்கு முன்பே தூக்கி எறிந்திருந்தார். அதனால்தான் உங்களிடம் டிஸ்க்கை மாற்றச் சொன்னவரின் பேச்சைக் கேட்டதும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ரேம் தேறிவிட்டால் டிஸ்க்கைப் பார்க்கலாம். ஊகிக்கவே வேண்டாம், டிஸ்க்கே தன் உடல்நிலையைக் குறித்து வைத்திருக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். படம் எடுக்க மாட்டினீர்களே, அந்த நல்ல கணினியில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டால் காட்டும். சில யுஎஸ்பி கேபிள்கள் இந்தத் தகவலை வெளியே விடாது, அப்போது நேரடியாக சாட்டாவில் மாட்டிப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பது நான்கு எண்களை. 5ஆவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். 197, படிக்க முடியாமல் முடிவெடுக்கக் காத்திருக்கும் பகுதிகள். 198, கைவிடப்பட்டவை. இவற்றில் 197 பூஜ்யத்துக்கு மேல் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை நம்பாதீர்கள், மாற்றுவது சரிதான். 5ஆவதில் சிறிய எண் பல மாதமாக மாறாமல் இருந்தால் என்ன செய்வது என்பதில் எனக்கே உறுதியில்லை. அப்படி வருடக்கணக்கில் ஓடியவையும் உண்டு, ஒரே வாரத்தில் போனவையும் உண்டு. அதில் விண்டோஸ் வைக்கலாம், குழந்தையின் படங்களின் ஒரே பிரதியை மட்டும் அதில் வைக்க மாட்டேன். நான்காவது எண் 199. அது ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே இருக்கும் சாட்டா கேபிளில்தான் பிரச்சினை. கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் போதும். சீகேட் டிஸ்க்காக இருந்தால் 1ஆவது, 7ஆவது எண்கள் கோடிக்கணக்கில் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர்கள் குறிக்கும் முறை அப்படி.

சூடும் மின்சாரமும் உங்கள் விஷயத்தில் பின்வரிசை என்று நினைக்கிறேன். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பழுதாக இருந்தால் பொதுவாகப் பிழை எண் எதுவும் காட்டாமல் கணினி சட்டென்று அணையும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆகும். உங்களுக்கு நேர்த்தியாகப் பிழைச் செய்தி வந்திருக்கிறது. இருந்தாலும் மூட்டையை விரிக்கும்போது சிபியு கடுமையாக உழைக்கும், ஆறு வருடத் தூசி ஹீட் சிங்க்கை அடைத்திருந்தால் தாங்காது. பயாஸில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தொட்டால் ஃபேனைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

வேறு சிலருக்கு நிறுவல் நிற்பது பழுதாலேயே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் எம்பிஆர் முறையில் இருக்கிறது, ஜிபிடி வேண்டும் (இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் முறைகள்) என்று சொல்லி நின்றால், பென் டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது. அதை விண்டோஸில் உள்ள டிஸ்க்பார்ட் என்ற கருவியின் கிளீன் கட்டளை தீர்க்கும், ஆனால் அது டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிடும். படங்களை எடுக்கும் முன் அந்தப் பக்கமே போகாதீர்கள். டிஸ்க்கே பட்டியலில் வரவில்லை என்றால், 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் விஎம்டி என்ற டிஸ்க் கட்டுப்பாட்டு அமைப்பின் டிரைவரைக் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி முதல் பக்கமே வந்தால் பென் டிரைவிலிருந்தே திரும்பவும் பூட் ஆகிறது, அந்த நேரத்தில் அதைப் பிடுங்கிவிட்டால் போதும். இவை எல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடக்கும். உங்களுடையது அப்படி இல்லை.

எல்லாம் பார்த்தும் நின்றால், நிற்கிற அந்தத் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்துங்கள், கறுப்புக் கட்டளைத் திரை வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதன் வழியாக எக்ஸ் டிரைவில் (நிறுவும்போது மட்டும் ரேமில் இருக்கும் தற்காலிக டிரைவ்), விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாந்தர் ஃபோல்டருக்குப் போய் செட்டப்எர்ர் என்ற லாக் ஃபைலைத் திறக்கலாம். எந்த ஃபைலைத் தொடும்போது விழுந்தது என்று கடைசி வரிகளில் இருக்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு முயற்சியின் கடைசி வரிகள் வேறு வேறு ஃபைலைக் காட்டினால் என் ரேம் சந்தேகம் இன்னும் பலப்படும்.

இரண்டு ரேமையும் தனித்தனியாக, வேறு வேறு ஸ்லாட்டில், வேறு டிஸ்க்கோடும் பார்த்து, அப்போதும் நின்றால் மிச்சம் இருப்பது மதர்போர்டு, சிபியு, எஸ்எம்பிஎஸ். இவற்றை உதிரி பாகம் இல்லாமல் வீட்டில் பிரித்துப் பார்க்க வழியில்லை. என்னாலும் எழுத்தில் உதவ முடியாத எல்லை அது. ஒத்துப்போகும் பாகங்களை மாற்றி மாட்டிப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள், இதுவரை பார்த்ததையும் எழுதிக் கொடுங்கள்.

ஒற்றை ரேமில் நிறுவல் முடிந்துவிட்டால் மற்றதை உடனே மாட்டாதீர்கள், ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். உரிம எண் கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மதர்போர்டு மாறாத வரை, முன்பிருந்த அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைப் போட்டால், பழையது முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், இணையத்தில் சேர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே ஆகிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) உள்ளிட்ட தகுதிகள் உங்கள் கணினிக்கு இருந்தால் 11ஐயே போடுங்கள். மெம்டெஸ்ட் என்ன சொன்னது, 5, 197, 198, 199 எண்கள் என்ன, செட்டப்எர்ர் கடைசி வரிகள் என்ன என்று எழுதினால், அடுத்து எதைத் தொடலாம் என்று சொல்கிறேன்.